வெப்ப யோகமும் தைராய்டு நோயும்

நோய் வந்துற்றவிடத்து அதனை நோயென்று அறிதல் அத்துணை அரிதன்று. நோய் நீங்காதிருக்கும்போதே அது நீங்கிவிட்டதென்று மயங்காதிருத்தலே அரிதாம். உடல் வெம்மை பெற்றது, மூட்டுக்கள் தளர்ந்தன, மனம் தெளிந்தது என்னும் இன்பவுணர்ச்சிகள் தோன்றியவுடன், உள்ளுறுப்பும் சீர்பட்டுவிட்டதென்று நாம் முடிவு செய்துவிடுகின்றோம். உணர்ச்சி வேறு, உறுப்பின் நிலை வேறு என்பதனை மறந்துவிடுகின்றோம். இவ்வுண்மையை விளக்குதற்கு, இக்காலத்திற் பல நாடுகளிலும் பரவியுள்ள வெப்ப யோகப் பயிற்சியினையும், ஆடவரினும் மகளிரிடத்தே மிகுதியாகக் காணப்படும் தைராய்டு நோயினையும் ஒருங்குவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் மருத்துவம் பயில்வோனல்லேன், தமிழ் பயில்வோன். எனினும் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என் தமக்கையார் மணமாகிக் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழ்கின்றார். அவர்க்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவுண்டு என்பது சில ஆண்டுகட்கு முன்னரே தெரிந்தது. நாடோறும் காலையில் ஒரு மாத்திரை உட்கொண்டு நலமாகவே இருந்துவந்தார். சென்ற பனிக்காலத்தில் தம் இல்லத்தருகே உள்ளதொரு வெப்ப யோகக் கூடத்திற் சேர்ந்தார். சின்னாட்கழித்துத் தொலைபேசியில் என்னை அழைத்து, "தம்பி, இந்த அறைக்குள் நுழைந்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிற்பது போல் இருக்கிறது. எலும்புக்குள் இருந்த குளிரெல்லாம் போய்விட்டது. இனி மாத்திரை எதற்கு?" என்றார். எனக்கும் அது மகிழ்ச்சியாகவே தோன்றிற்று. "நல்லது, அக்கா" என்றேன். அவ்வொரு சொல்லுக்காகப் பின்னர் யான் வருந்தியதன் விளைவே இக்கட்டுரை.

இனி, தைராய்டு என்பது யாது எனக் காண்பாம். கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்துள்ள சுரப்பி அது. முதிர்ந்தோர்க்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். 1656ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயரை அமைத்தார். அதுபற்றித் தமிழிலும் இதனைக் கேடயச்சுரப்பி என வழங்குவாருளர். உணவின் வழியாக வரும் அயோடினைக் கொண்டு இச்சுரப்பி தைராக்ஸின் முதலிய ஹார்மோன்களை ஆக்கிக் குருதியிற் கலக்கின்றது. உடலின் உயிரணுக்கள் எத்துணை விரைவில் உணவை எரித்து வெம்மையும் ஆற்றலும் உண்டாக்கவேண்டும் என்பதனை நெறிப்படுத்துவன இந்த ஹார்மோன்களே. அடுப்பில் விறகைத் தள்ளியும் இழுத்தும் தீயை அளவிற் காக்கும் கை எத்தகையதோ, உடலுக்குத் தைராய்டும் அத்தகையது.

அக்கைக்கும் ஓர் ஆணை வேண்டும். மூளையின் அடியிலே பட்டாணி அளவாய் அமைந்த பிட்யூட்டரி என்னும் சுரப்பியே அவ்வாணையைப் பிறப்பிக்கின்றது. அது விடுக்கும் தூதுப்பொருளை டி.எஸ்.எச். என்பர். குருதியில் தைராக்ஸின் குறைந்தால் டி.எஸ்.எச். மிகும், தைராக்ஸின் மிகுந்தால் டி.எஸ்.எச். குறையும். மருத்துவர்கள் சிறிதளவு குருதி எடுத்து டி.எஸ்.எச். அளவைச் சோதிப்பது இதுபற்றியே. இந்த ஆணையும் பணியும் குருதியின் வழியாக நிகழ்வன என்பதனை ஈண்டு நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இச்சுரப்பியின் நோய் பெரும்பான்மையும் இருவகைப்படும். ஒன்று குறைச்சுரப்பு, மற்றொன்று மிகைச்சுரப்பு. குறைச்சுரப்புடையார்க்குச் சோர்வும், குளிர் தாங்காமையும், உடற்பருமனும், வறண்ட தோலும், மலச்சிக்கலும், தசைப்பிடிப்பும் தோன்றும். நாடித்துடிப்பு மெலிந்து மெதுவாகும். உடலின் காப்புப்படையே வழிதவறித் தைராய்டைத் தாக்கி அழிப்பது இதற்குரிய காரணங்களுள் தலையாயது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ என்பார் 1912இல் அதனை விளக்கினமையின், அந்நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. மிகைச்சுரப்போ இதற்கு நேர்மாறானது. அதனையுடையார்க்கு வெப்பம் தாங்காமையும், ஓயா வியர்வையும், நெஞ்சு படபடப்பும், கைந்நடுக்கமும், உடல் மெலிவும் உண்டாம். 1835இல் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விளக்கிய நோய் இவ்வகையினதே. அந்நோயுடையாருட் சிலர்க்குக் கண்களும் பிதுங்கி நிற்கும். ஆகவே, 'தைராய்டு நோயாளர் வெப்ப யோகம் பயிலலாமா?' என்று பொதுப்பட வினாவுதல் பொருந்தாது. எத்தகைய தைராய்டு நோய், அஃது எந்நிலையில் உள்ளது என்பனவே முதலில் வினாவத்தக்கன.

குறைச்சுரப்பிற்கு மருந்து கண்ட வரலாற்றைச் சிறிது கூறுதல் பயனுடைத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நோய் முற்றியவர்கள் முகம் வீங்கி, அறிவு மழுங்கி, மெல்லமெல்ல மாய்ந்தனர். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் மர்ரே என்பார், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றினை இந்நோயுற்ற 46 வயது மாதொருவர்க்கு ஊசிவழிச் செலுத்தினார். நலிந்துகிடந்த அம்மாது நலம்பெற்று, இடைவிடாது மருந்து கொண்டு, 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தமது 74ஆம் வயதில் இறந்தார். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்க நாட்டின் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் அதனைச் சோதனைச்சாலையிலேயே ஆக்கிக் காட்டினர். இன்று நோயாளர் உட்கொள்ளும் சிறு வெண்மாத்திரையின் பின்னே இத்துணை உழைப்பு இருக்கின்றது. அம்மாத்திரை உடலுக்கு அயலான நஞ்சன்று. உடல் தானே ஆக்கவேண்டியதும் ஆக்கமாட்டாததுமான பொருளே அது.

நிற்க. வெப்ப யோகம் என்பது யாது? சூடேற்றப்பட்ட அறையினுள் ஆசனங்கள் பயிலுதலே வெப்ப யோகமாம். ஆங்கிலத்தில் இதனை 'ஹாட் யோகா' என்பர். கல்கத்தாவில் விஷ்ணு சரண் கோஷ் என்பார் 1923இல் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரி நிறுவினார். அவருடைய வழியில் வந்த பிக்ரம் சவுத்ரி என்பவர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கா சென்று, 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப்பயிற்சிகளும் கொண்டதொரு முறையினைப் பரப்பினார். ஏறத்தாழ 105 பாகை பாரன்ஹீட் வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் 90 நிமிடம் பயிலுதல் அம்முறையாம். பிற்காலத்தில் அவர்மேல் வழக்குகள் பல எழவே, கூடங்கள் பலவும் அவர் பெயரை நீக்கி, வெப்ப யோகம் என்னும் பொதுப்பெயரைப் பூண்டன. வெப்பத்தின் அளவும் பயிற்சியின் கால அளவும் இப்பொழுது கூடத்திற்குக் கூடம் வேறுபடும்.

அத்தகைய அறையில் உடல் என் செய்கின்றது? உள்ளே எழும் சூட்டை வெளியேற்றுதற்காகக் குருதியைத் தோலின்பாற் செலுத்துகின்றது, வியர்வையைச் சுரக்கின்றது. தோலுக்கும் தசைக்கும் ஒருங்கே குருதி ஈயவேண்டியிருத்தலின் நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது. காற்றில் ஈரம் மிகுமாயின் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. நலமுடைய உடல் சின்னாட் பழக்கத்தில் இவற்றையெல்லாம் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். தைராய்டு நோயுடைய உடல் எவ்வாறு தாங்கும் என்பதே வினா.

முதலில் மிகைச்சுரப்பை நோக்குவாம். இந்நோயாளரின் உடல் முன்னரே மிகை வெம்மையில் எரிந்துகொண்டிருக்கின்றது. நெஞ்சம் ஓய்வுநிலையிலும் விரைந்து துடிக்கின்றது. சிலர்க்குத் துடிப்பின் ஒழுங்கே குலைதலும் உண்டு. அத்தகையாரை 105 பாகை அறையில் நிறுத்துதல் எரியும் அடுப்பில் மேலும் விறகிடுவது போலாம். ஆதலின், சுரப்பு மருந்தினாற் கட்டுக்குள் வரும்வரை அவர்கள் வெப்ப அறையை அணுகாதிருத்தலே முறை. படபடப்பை அடக்கும் மருந்து கொள்வோர் பின்னுமொன்று கருதல் வேண்டும். அம்மருந்து நாடித்துடிப்பு உயரவொட்டாது தடுக்குமாகலின், துடிப்பு மெதுவாயிருத்தலைக் கொண்டு உடல் தளரவில்லை என்று துணிதல் ஆகாது. கண் பிதுங்கும் நோயுடையார், தலை தாழ்த்திச் செய்யும் ஆசனங்கள் கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தும் என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

குறைச்சுரப்பின் நிலையோ நுட்பமானது. இந்நோயாளர் குளிரால் வருந்துவோர். சுரப்பி உள்ளிருந்து தரவேண்டிய வெம்மையினை அறை வெளியிலிருந்து தருகின்றது. விறைத்த தசைகள் இளகுகின்றன. பிறரினும் இவர்க்கே அவ்வறை பெரிதும் இனிக்கின்றது. மயக்கம் தொடங்குமிடம் இதுவே. மார்கழியில் தீக்காய்பவன் உடல் சூடாதல் மெய்யே. அதனால் அவன் காய்ச்சலோ இருமலோ தீர்ந்தது என்று கூறுவாருண்டோ? அறையை விட்டு வெளியேறியபின் அடுப்பு முன்போலவே தணிந்து கிடக்கும்.

அன்றியும், அவ்வின்பத்தினுள்ளே சில இடர்கள் மறைந்துள்ளன. குறைச்சுரப்பு மருந்தினாற் சரிசெய்யப்படாதவிடத்து, நெஞ்சம் வேண்டிய அளவு விரைந்து துடிக்கமாட்டாது, வியர்வையும் குறைவு. ஆதலின் சூட்டை வெளியேற்றும் திறனும் குறைவாம். தசைகள் எளிதிற் பிடிப்புக்கொள்ளும். வெப்பத்தால் இளகியபோது அளவிறந்து நீட்டப்பட்டு நோவும் எய்தும். சிறுநீரகம் மிகை நீரை விரைந்து வெளியேற்றாமையின், வியர்வையில் உப்பை இழந்தவர் வெறுநீரை மிகுதியாகப் பருகினால், குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து தலைச்சுற்றும் குழப்பமும் நேரக்கூடும்.

இனி, இப்பயிற்சியைப் பற்றி வழங்கும் இரு கூற்றுக்களை ஆராய்வாம். சர்வாங்காசனமும், வெப்ப யோக வரிசையிலுள்ள ஒட்டகாசனமும் முயலாசனமும் கழுத்தை மடக்கியும் நீட்டியும் தைராய்டைத் தூண்டி, அதனை மீண்டும் சுரக்கச் செய்யும் என்பது ஒன்று. தைராய்டுக்கு ஆணையிடுவது குருதிவழி வரும் டி.எஸ்.எச். என்று மேலே கண்டோம். அது கழுத்தின் மடிப்பைக் கேட்டு இயங்குவதன்று. மேலும், ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பியின் உயிரணுக்களே அழிகின்றன; காய்ந்த கிணற்றின்மேல் ஏற்றத்தை எத்துணை முறை மிதித்தாலும் நீர் வாராது. வியர்வையின் வழியே உடலின் நஞ்செல்லாம் வெளியேறுதலால் நோய் நீங்கும் என்பது மற்றொன்று. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவுகளை அகற்றும் பணி சிறப்பாக ஈரலுக்கும் சிறுநீரகத்திற்கும் உரியது. வியர்வை உடலைக் குளிர்விக்கப் பிறந்ததேயன்றி நோயைக் கழுவப் பிறந்ததன்று.

அற்றேல், மாத்திரையை நிறுத்தியபின்னும் சிலர் நலமாயிருத்தல் எங்ஙனம் எனின், கூறுதும். தைராக்ஸின் உடலில் நெடிது தங்கும் இயல்பினது. ஏறத்தாழ ஏழு நாளில் அதிற் பாதியே குறையும். ஆகவே, நிறுத்திய முதல் வாரத்தின் இறுதியில் முன்னிருந்ததில் அரையும், இரண்டாம் வாரத்தின் இறுதியிற் காலும், மூன்றாம் வாரத்தில் அரைக்காலும், நான்காம் வாரத்தில் வீசமுமாக அது தேய்கின்றது. முதற் சின்னாட்களில் நோயாளர் வேறுபாடொன்றும் உணரார். அந்நலத்திற்குக் காரணம் வெப்ப அறையே என்று எண்ணுவர். உண்மையிலோ, அவர் செலவிடுவது முன்னர் உட்கொண்ட மாத்திரைகளின் சேமிப்பேயாகும். முதல் தீர்ந்துகொண்டிருக்கவும், கையிற் பணம் உள்ளதே என்று மகிழும் வணிகனை ஒப்பர் அவர்.

என் தமக்கையார்க்கு நிகழ்ந்ததும் இதுவே. உடன்பயில்வோர் சிலர் கூறியதனைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினார். மூன்று வாரம் களிப்பாகவே இருந்தார். அதன்பின் படியேறுதலும் அவர்க்குப் பாரமாயிற்று, முகம் ஊதிற்று, கெண்டைக்காற் பிடிப்பால் இரவில் உறக்கம் கெட்டது. இதனைப் பயிற்சி போதாமையின் விளைவென்று கருதி, வாரம் மூன்று நாளாக இருந்ததனை ஐந்து நாளாக்கினார். ஏழாம் வாரத்தில் ஒருநாள் அவ்வறையிலேயே மயங்கி வீழ்ந்தார். மருத்துவர் குருதியைச் சோதித்தபோது டி.எஸ்.எச். மிக உயர்ந்திருக்கக் கண்டு, மாத்திரையை மீண்டும் தொடங்குவித்தார். அவர் வீழ்ந்த செய்தி கேட்ட இரவு, "நல்லது, அக்கா" என்ற என் சொல்லே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அறியாதார் கூறும் ஆறுதலும் சிற்சில வேளையில் தீங்காய் முடியும் என்று அன்று உணர்ந்தேன்.

இவ்வாறு கூறுதலால் யோகப் பயிற்சியே தீதென்பது எம் கருத்தன்று. தசைக்கு உரமும், மூட்டுக்கு நெகிழ்ச்சியும், மனத்திற்கு அமைதியும் தருவது அது; நோயால் சோர்ந்தவர்க்கு இவை வேண்டற்பாலனவே. ஆனால் அந்நன்மை ஆசனத்தினதா, அன்றி வெப்பத்தினதா என்பதனை வேறுபிரித்து அறிதல் வேண்டும். டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டதோர் ஆராய்ச்சியில், நடுவயதினராகிய ஒரு குழுவினர் 26 ஆசன வரிசையினை 105 பாகை வெப்பத்திலும், மற்றொரு குழுவினர் அதனையே 74 பாகை அளவில் சாதாரண அறையிலும் பன்னிரு வாரம் பயின்றனர். குருதிக்குழாய்களின் இயக்கம் இரு குழுவினர்க்கும் ஒப்பச் சீர்பட்டது. அவ்வகையில் வெப்பத்தால் விளைந்த தனிப்பயன் ஒன்றும் காணப்படவில்லை. ஆதலின், வெப்பத்தை விலக்கினோர் யோகத்தின் பயனை இழந்தோராகார்.

எனினும் வெப்ப அறையையே விரும்புவோர்க்குச் சில நெறிகள் கூறுவாம். முதலாவது, மாத்திரையின் அளவு நிலைபெற்று, டி.எஸ்.எச். சீராயுள்ளதென்று மருத்துவர் கூறியபின்னரே தொடங்குக. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் சோதிப்பது வழக்கம். இரண்டாவது, காலையில் வெறுவயிற்றில் நீருடன் மாத்திரையை உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் உணவும் கொள்க. சுண்ணச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிக் கொள்க. வெப்பமும் ஈரமும் இம்மருந்தைக் கெடுக்குமாதலின், அதனைப் பையிலிட்டு வெப்ப அறையினுள் கொண்டுசெல்லற்க. மூன்றாவது, நோயினை ஆசிரியர்க்கு முன்னரே தெரிவித்து, வாயிலின் அருகே இடங்கொள்க. தலைச்சுற்று, குமட்டல், படபடப்பு, குழப்பம் இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வெளியேறுக. பிறர் நிற்கின்றனரே என்று நாணி நிற்றல் மடமை. நான்காவது, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளவறிந்து நீர் பருகுக; பின்னர்ச் சிறிது உப்புள்ள உணவும் கொள்க. ஐந்தாவது, சுரப்பியைத் தூண்டும் என்று விற்கப்படும் கடற்பாசி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது உண்ணற்க. மிகுந்த அயோடின் இருவகை நோயினையும் பெருக்கக்கூடும். கருவுற்றோரும், நெஞ்சநோய் உடையோரும், பெரிய முன்கழுத்துக் கழலை உடையோரும், அண்மையில் தைராய்டில் அறுவை செய்துகொண்டோரும் வெப்ப அறையைத் தவிர்த்தலே நலம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்தனர். நோயுற்றோன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. யோக ஆசிரியரும், உடன்பயில்வோரும், தொலைவிலிருந்து பேசும் தம்பியும் இந்நான்கனுள் எவ்விடத்தினர் என்று எண்ணிப்பார்த்தால், நான்காம் இடமே அவர்க்கு உரியது என்பது புலனாகும். பேணுவோன் பேணுதலே கடன். மருத்துவன் இடத்தில் அமர்ந்து மருந்தை நிறுத்துதல் அவன் கடனன்று. அக்கடனை யான் ஒருமுறை மறந்தேன்.

என் தமக்கையார் இன்று நலமாயிருக்கின்றார். தம் இல்லத்தின் கூடத்திலேயே, சூடேற்றாத அறையில், அதே ஆசனங்களைப் பயில்கின்றார். சென்ற ஞாயிறன்று பேசியபோது, "காலையில் மாத்திரை போட்டாயிற்றா, அக்கா?" என்று யான் வினாவினேன். "போட்டாயிற்று, தம்பி, ஒருமணி நேரம் கழித்துத்தான் காப்பியும் குடித்தேன்" என்று சிரித்துக்கொண்டே விடையளித்தார். நம் இல்லங்களிலும் இத்தகைய அக்கைமாரும் அன்னையரும் பலருளர். அவர்கள் எப்பயிற்சியை மேற்கொள்ளினும் மேற்கொள்க. ஆனால் நாம் அவரிடம் நாடோறும் கேட்கவேண்டிய வினா அந்த ஒன்றேயாம்.